பூசை போட்ட கார்

வாங்க தம்பி, வாங்க. சங்ககிரியில இருந்து கார் வாங்கணும்னு போன் பண்ணுன வாத்தியார் நீங்கதானே? அத்தியப்பன்னா நான்தான். வீட்டைக் கண்டுபுடிக்கச் சிரமப்படலீங்களே? செருப்பை மட்டும் அப்படி ஓரமாக் கழட்டிட்டு வந்துருங்க. இல்லீங்க, வீட்டுக்குள்ள வர்றதுக்கு இல்ல. கார்கிட்ட வர்றதுக்கு.

ஸ்கூட்டர் புதுசுங்களா? சீட்டுல பிளாஸ்டிக் கவர் கூட இன்னும் பிரிக்கல. போன வாரம் எடுத்ததா, ரொம்ப நல்லது. ஆனா என்ன தம்பி, ஒரு பொட்டு கூடக் காணோம்? மாலை கூட வேண்டாம், ஒரு சந்தனம், ஒரு குங்குமம்? பூசையே போடலையா? நேரம் இல்லையா? சரி சரி. வந்த எடத்துல நான் ஒண்ணும் சொல்லல. பூசை போடாத வண்டியில சங்ககிரியில இருந்து திருச்செங்கோடு வரைக்கும் எப்படி வந்து சேந்தீங்கன்னுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு. அதை அப்பறம் பேசிக்கலாம்.

இதுதாங்க வண்டி. வெள்ளைக் கார். ஏனுங்க சிரிக்கிறீங்க? ஆர்சி புக்குல வெள்ளைன்னுதான் போட்டிருக்கு. நீங்க பாக்குற இந்த மஞ்சள் பெயிண்ட் இல்லீங்க, சந்தனம். வருசா வருசம் ஒரு கோட்டிங். துரு புடிக்காம இருக்கும்னு நானா ஒரு கணக்கு வெச்சிருக்கேன். அங்கங்க செவப்பாத் தெரியுதே, அது குங்குமம். கதவுக்குக் கீழ தெரியுற செவப்பு மட்டும் துரு.

நான் உள்ளதை உள்ளபடி சொல்ற ஆளு தம்பி. விக்கிறவன் பொய் சொல்லுவான், வாங்குறவன் ஏமாறுவான், அந்த வேலையே நம்மகிட்ட இல்ல. பழைய காருன்னா சின்னச் சின்னக் கோளாறு இருக்கத்தான் செய்யும். இதுலயும் இருக்கு. ஆனா ஒரு கோளாறைக் கூட நான் கவனிக்காம விட்டதில்லை. எல்லாத்தையும் நானே என் கையால பாத்தேன். எது எது எப்ப வந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்ணுனேன்னு வரிசையாச் சொல்றேன், கேட்டுக்கங்க. நாளைக்கு உங்ககிட்ட வந்தா நீங்களும் அப்படியே பண்ணணும் இல்லீங்களா?

இது மொதல்ல ஒரு டாக்டர்கிட்ட இருந்த வண்டி. ஈரோட்டு டாக்டர். அவர்கிட்ட இருந்தப்ப ஒரு மக்கர் பண்ணுனதில்லையாம். சாவியக் கையில குடுக்கும்போதே சொன்னாரு, "அத்தியப்பன், இதுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம், எண்ணெய் மாத்துங்க, தண்ணி பாருங்க, போதும்"னு. நான் கேட்டேன், "பூசையெல்லாம் எப்படிங்க டாக்டர்?"னு. "அதெல்லாம் நான் ஒரு தடவை கூடப் பண்ணுனதில்லை"ன்னுட்டாரு. அத்தனை வருசம் ஒரு தேங்காய் ஒடைக்காம, ஒரு கற்பூரம் காட்டாம ஓட்டியிருக்காரு மனுசன். அந்த தோஷம் எல்லாம் உள்ளயே தங்கி இருந்திருக்கு தம்பி. என் கைக்கு வந்தப்பறம்தான் ஒண்ணொண்ணா வெளிய வந்துச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. நான் ரிக் ஆபீஸ்ல மேனேஜரா இருந்தவன். எங்க ஊரு போர்வெல் வண்டியப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராஜஸ்தான், சத்தீஸ்கர்னு கெளம்பிப் போகும், ஊரு திரும்ப மாசக்கணக்காகும். அப்படிக் கெளம்பற ஒவ்வொரு வண்டிக்கும் பூசை போட்டு அனுப்பறது என் பொறுப்பு. எலுமிச்சம்பழம், பூசணிக்காய், வாழைக்கன்னு, மாலை, ஒண்ணு கொறைய விட மாட்டேன். என் கையால பூசை போட்டுப் போன வண்டி ஒண்ணு கூடத் திரும்பி வராம இருந்ததில்லை. சிலது கட்டி இழுத்துட்டு வந்தாங்க. ஆனா வந்துச்சுங்களா இல்லீங்களா?

வண்டி வாங்குன வருசம் ஆயுத பூசை வந்துச்சு. பெரிய லாரிக்கே அவ்வளவு செஞ்ச கை, சொந்தக் காருக்குச் சும்மா விடுமுங்களா? பானட்டைத் தொறந்து உள்ளயும் போட்டேன். ஊர்ல பாதிப் பேரு வெளிய மட்டும் பொட்டு வெப்பாங்க. அது சொந்தக்காரன் வீட்டுக்குப் போய் வாசல்லயே நின்னு நல்லாருக்கீங்களான்னு கேட்டுட்டு வர்ற மாதிரி. வண்டிக்கு உசுரு எங்க இருக்கு? பேட்டரியில. அதுல ரெண்டு குமிழ் நீட்டிட்டிருக்குமே, அந்த ரெண்டுக்கும் கெட்டியாச் சந்தனத்தை அப்பி, நடுவுல குங்குமம் வெச்சேன். பாக்கவே அம்மன் மாதிரி இருந்துச்சு.

அந்த மாசமே ஸ்டார்ட்டிங் பிரச்சினை வந்துருச்சு. சாவியத் திருகுனா டொக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பாத்தீங்களா, டாக்டரோட தோஷம். நான் பதறல. இன்னும் ரெண்டு பொட்டு கூடுதலா வெச்சேன். ஒரே ஒரு தடவை மட்டும் பாவாயி பேச்சைக் கேட்டு, பாவாயிங்கறது என் சம்சாரம், பட்டறைக்காரனைக் கூட்டியாந்தேன். அவன் வந்து வெந்நி ஊத்திச் சொரண்டி எடுத்துட்டு, "இதுல ஒண்ணும் வெக்காதீங்க"ன்னு சொல்லிட்டு ஸ்டார்ட் பண்ணுனான். ஆச்சு. ஆனா அது வெந்நியாலயா ஆச்சு? அன்னிக்குக் காலையில நான் தேங்காய் ஒடச்சிருந்தேன். அது அவனுக்குத் தெரியாது. பேரு மட்டும் அவன் வாங்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்பறம் அவனை நான் கூப்பிடறதில்லை.

பாவாயி, தம்பிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டா. வருவா. வராட்டியும் தப்பா நெனைக்காதீங்க, கார்கிட்ட வர்றதை அவ நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

அடுத்து, முன் கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற சமாச்சாரம். பானட்டு மேல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு பாருங்க. மொதல்ல எனக்கு அது எதுக்குன்னே தெரியலீங்க. ரெண்டும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. பொட்டு வெக்கிறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சா, வெச்சேன். அப்பறம் ஒரு நாள் கண்ணாடியில தூசின்னு பட்டனை அமுக்கறேன், தண்ணியே வரல. அதுக்குள்ள அடைப்பு. எங்க இருந்துதான் அடைப்பு வருமோ, கண்டுபுடிக்கவே முடியல. இப்ப ஒரு சொம்புல தண்ணி வெச்சிருக்கேன், கண்ணாடி அழுக்கானா வண்டிய ஓரமா நிறுத்தி எறங்கி ஊத்திக்கலாம். ஒண்ணும் பெரிய விசயம் இல்ல.

ஹெட்லைட் கொஞ்சம் மங்கல். பழைய வண்டின்னா அது சகஜம். நம்ம வீட்டுல பித்தளை விளக்கை விபூதி போட்டுத் தேச்சா பளிச்சுன்னு ஆகுதுங்களே, அதே மாதிரி நானும் வெள்ளிக்கிழமை தவறாம விபூதி போட்டுத் தேய்க்கிறேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் மங்குது. உள்ளுக்குள்ள என்னமோ இருக்குங்க. பட்டையா மூணு கோடு போட்டு விட்டிருக்கேன், அதுக்கு மேல கடவுள் பாத்துக்குவாரு. ராத்திரியில மட்டும் ஓட்டாதீங்க.

ஹாரன் நல்ல ஹாரன். எடது பக்கம் திருப்புனா அதுவா அடிக்கும், வலது பக்கம் திருப்புனா அடிக்காது. ஏன்னா ஒயரை எலி கடிச்சிருக்கு. எலி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, ஆயுத பூசைக்குப் பொரிகடலை படைப்பமுங்களே, நான் இஞ்சினுக்குப் பக்கத்துல தட்டு வெச்சுப் படைச்சேன். தட்டு கவுந்து பாதி உள்ள போயிருச்சு. சாமிக்குப் படைச்சதைத் தொடப்பத்தால கூட்டவா முடியும்? விட்டுட்டேன். அப்பறம் பாத்தா எலி. தொரத்தலாமுன்னு குச்சிய எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்னு போச்சு. டேஷ்போர்டுல யாரு இருக்காரு? பிள்ளையாரு. அவரு வாகனம் எது? அவரே கொண்டாந்து பானட்டுக்குள்ள நிறுத்தியிருக்காரு, அதைப் போயி நான் தொரத்துவனா? அதுக்கப்பறம் வாராவாரம் ஒரு புடி பொரி நானே போட்டுட்டிருக்கேன்.

பிள்ளையாரா? நகத்தக் கூடாதுங்க. ஏசி காத்து வர்ற எடத்துல அவரு உக்காந்திருக்கறதால நமக்குக் காத்து வராது. சாமி குளுகுளுன்னு இருக்காருன்னு நெனச்சுக்க வேண்டியதுதான்.

தம்பி, மொகத்தைப் பாத்தா யோசிக்கிற மாதிரி இருக்கு. யோசிங்க, தப்பில்ல. எனக்கும் விக்கணும்னு ஆசை இல்லீங்க. உள்ளதைச் சொல்லிடறேன். பாவாயிக்காகத்தான் விக்கிறேன்.

அவளுக்கு இந்தக் கார் மேல கோவம். அதாவது இந்த எடப்பக்கச் சீட்டு மேல. மழை பேஞ்சா அந்தப் பக்கம் கால் வெக்கிற எடத்துல தண்ணி நிக்கும். முன் கண்ணாடிக்குக் கீழ தண்ணி வடியறதுக்கு ஒரு வழி இருக்குதாமா. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, அந்த எடம் பூராவும் பூவாக் கெடக்கு. சாமிப் பூவைத் தோண்டியா பாக்க முடியும்? தண்ணி வேற வழியில்லாம உள்ள வருது, நேரா அவ காலுக்கு. அவளும் மொதல்ல பிளாஸ்டிக் பையக் காலுல கட்டிட்டு வந்தா. ஒரு நாள் மட்டும் கேட்டா, "ஏனுங்க, இது காருங்களா கோயிலுங்களா? காருன்னா கால் நனையக் கூடாது, கோயில்னா நகரக் கூடாது. இது ரெண்டும் பண்ணுதே"ன்னு. நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல.

ஐப்பசியில அவ தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம், பள்ளிபாளையத்துல. நல்ல மழை. அவ பட்டுச் சேலை கட்டிக்கிட்டு, ரெண்டு காலையும் தூக்கிச் சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்து வந்தா. தொலை தூரம் போறமேன்னு அன்னிக்குப் பிள்ளையார் முன்னால ஒரு எலுமிச்சம்பழம் வெச்சிருந்தேன். அவ தம்பி வீட்டுத் தெரு எடது பக்கம் திரும்பணும். திருப்புறேன், ஹாரன் அடிக்க ஆரம்பிச்சுருச்சு, பழம் உருண்டு கீழ விழுந்துருச்சு. எங்க போச்சுன்னு பாக்கறதுக்குள்ள பந்தல் வந்துருச்சு. பிரேக்கை மிதிக்கிறேன், பாதிக்கு மேல போக மாட்டேங்குது. பழம் பிரேக்குக்கு அடியில போயி உக்காந்திருக்கு.

மெதுவாத்தான் போனோம் தம்பி. நடந்து வர்றவன் முந்திட்டுப் போயிருவான், அவ்வளவு மெதுவு. ஆனா நிக்கல. பந்தல்கால்ல கட்டியிருந்த வாழை மரத்துல போயி மோதி நின்னுச்சு. மரம் சாஞ்சு வாழைத்தார் நேரா பானட்டு மேல விழுந்துச்சு. நான் சொன்னேன், "பாரு பாவாயி, அந்த வீடே நம்ம காருக்குப் பூசை போடுது"ன்னு. அதை அந்த நேரத்துல சொல்லியிருக்க வேண்டாமோ என்னமோ.

அது போதாதுன்னு ஹாரன் நிக்கவே இல்ல. வாசல்ல பசுவும் கன்னும் புடிச்சு நிறுத்தியிருந்தாங்க, மொதல்ல மாடுதானே வீட்டுக்குள்ள போகணும். ஹாரன் சத்தத்துல அது மெரண்டு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. மச்சினன், ஐயரு, சமையக்காரரு எல்லாரும் மழையில பின்னால ஓடறாங்க. நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாடு திரும்பி வந்துருச்சுங்க, அதைச் சொல்லணும். ஆனா நேரா பக்கத்து வீட்டுக்குள்ள போயி, நடுக்கூடத்துல சாணி போட்டுருச்சு. அந்த வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோசம். செலவே இல்லாம கிரகப்பிரவேசம். மச்சினன் மட்டும் இன்னிக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்லை.

பாவாயி எறங்கினா. சேலைக் கொசுவத்தைப் புழிஞ்சுக்கிட்டா. விசேசம் முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிட்டா. நான் பின்னாலயே காரை ஓட்டிட்டுப் போயிக் கூப்புடறேன், திரும்பிக் கூடப் பாக்கல. பஸ்ஸுல ஏறுனா. நான் பஸ்ஸுக்குப் பின்னாலயே வீடு வரைக்கும் வந்தேன். கடைசி சீட்டு கண்ணாடி வழியா அவ தலை தெரிஞ்சுட்டே இருந்துச்சு.

அன்னிலேர்ந்து இந்தச் சீட்டுல அவ உக்காரலீங்க. காய் வாங்கப் போனாலும் டவுன் பஸ்ஸு. இப்ப வர்ற புதன்கிழமை பெருந்துறையில எங்க புள்ள பூங்கொடிக்கு வளைகாப்பு. ஒரே புள்ளைங்க. பாவாயி சொல்லிட்டா, "கார் இருந்தா நீங்க கார்ல போங்க, நான் பஸ்ஸுல போறேன். கார் போயிட்டா ரெண்டு பேரும் ஒண்ணா பஸ்ஸுல போலாம்"னு. பெத்தவங்க ரெண்டு பேரும் தனித்தனியாப் போயி எறங்குனா புள்ளையோட மாமியார் வீட்டுல என்ன நெனைப்பாங்க?

வேற ஒண்ணும் இல்லீங்க தம்பி. ரிக் ஆபீஸ்ல இருந்த காலம் பூராவும் அவதான் பஸ்ஸுல அலைஞ்சா. புள்ளைக்குக் காய்ச்சல்னாலும் பஸ்ஸு, ஒறம்பரை, சொந்தக்காரங்க வீடுன்னாலும் பஸ்ஸு. ரிட்டயர் ஆனதும் உன்னை உக்கார வெச்சு நான் ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லி வெச்சிருந்தேன். அதுக்குத்தான் கார் வாங்குனதே. எங்க ஊரு மலை மேல பாத்திருப்பீங்க, சாமி பாதி, அம்மன் பாதி. எடப்பக்கம் அம்மன். என் காரைப் பாருங்க, எடப்பக்கம் காலி. தனியா ஓட்டிட்டுப் போகும்போது அந்தப் பக்கம் பாத்தா எனக்கு மனசே சரியில்லாமப் போயிருதுங்க. கண்ணுல தண்ணி கூட வந்துருது. அதான், யாருக்காவது குடுத்துத் தொலைச்சுட்டு அவகூட பஸ்ஸுலயே போயிடலாம்னு.

என்னங்க? பானட்டைத் தொறக்கணுமா? தாராளமாத் தொறங்க. அந்தக் கம்பிய முட்டுக் குடுத்துக்கங்க. பாத்தீங்களா எவ்வளவு லட்சணமா இருக்குன்னு? ஏன் அப்படியே நின்னுட்டீங்க? எல்லாரும் மொதத் தடவை பாக்கும்போது அப்படித்தான் நிப்பாங்க.

வெந்நியா? ஒரு வாளி வெந்நி, பழைய டூத் பிரஷ், ஒரு ஈர்க்குச்சியா? எதுக்குங்க தம்பி? ஓ. ஓஹோ. அபிஷேகம். ஏனுங்க, நீங்க இவ்வளவு பக்தியான ஆளுன்னு வந்ததுமே சொல்லக் கூடாதுங்களா? நான் என்னமோ பூசையே தெரியாதவருன்னு தப்பா நெனச்சுட்டேன். பாவாயி, தம்பி காருக்கு அபிஷேகம் பண்ணப் போறாராம், ஒரு வாளி வெந்நி கொண்டா.

பாத்தீங்களா அதிசயத்தை. மோர் கேட்டு எவ்வளவு நேரமாச்சு, அது வரல. வெந்நின்னதும் அண்டாவையே தூக்கிட்டு வர்றா. கார்கிட்டயே வந்துட்டா பாருங்க. கூட ஒரு சாக்குத் துணி வேற. கண்ணு வெக்கக் கூடாது, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

ஊத்துங்க, பேட்டரிக் குமிழ்ல இருந்து ஆரம்பிக்கிறீங்களா, சரியான முறைதான். உசுரு இருக்கற எடம். பிரஷ்ஷால தேய்ங்க. எவ்வளவு வருசத்துச் சந்தனம், கட்டி கட்டியா வருது பாருங்க. கீழ சிந்தறதை நான் எடுத்து வெச்சுக்கறேன், பிரசாதம். ஓ, அந்த ஓட்டைக்கு ஈர்க்குச்சியா? சாமிக்குக் காது குத்துற மாதிரி இருக்குங்க. மெதுவா.

அது என்ன வர்றது? மாலை. அந்தக் காத்தாடிக்குள்ளயா சுத்திக்கிட்டிருந்துச்சு? அட, நாருதான் இவ்வளவு நீளத்துக்கு வருது. இஞ்சின் ஏன் அடிக்கடி சூடாகுதுன்னு இப்பத் தெரியுது. பழைய மாலை போட்டிருந்தா சாமிக்கு ஆகாது, புதுசு மாத்தியிருக்கணும். நான்தான் கவனிக்கல. கண்ணாடிக்குக் கீழ கையை விடறீங்களா, விடுங்க. அது போன வருசத்துச் சாமந்தி. அந்தக் கறுப்பா இருக்கறது அதுக்கு முந்தின வருசத்து அரளி. அதுக்கும் கீழ இருக்கறது மண்ணுன்னு நெனைக்கிறேன். இல்ல, பொரி.

அய்யோ மெதுவா, தம்பி, அது பிள்ளையாரோட வாகனம். போயிருச்சா? எந்தப் பக்கம் போச்சு? கெழக்கயா? கெழக்க போனா நல்ல சகுனம். அது கடிச்ச ஒயருக்கு டேப்பு சுத்தணுமா? பாவாயி, அலமாரியில கறுப்பு டேப்பு இருக்கும், எடுத்துக் குடு. அட, கையிலயே வெச்சிருக்காளே. எப்ப எடுத்தா?

நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டிருங்க. நான் இப்படிச் சித்த வாசலுக்குப் போயிட்டு வந்துர்றேன். அபிஷேகம் பண்றவருக்கு நாமளும் பதிலுக்கு ஒண்ணு செய்ய வேண்டாமா?

வந்துட்டேன். என்னங்க தம்பி, பாவாயி உங்ககிட்ட என்னமோ சொல்லிச் சிரிச்சுட்டிருக்கா? அவ சிரிச்சு ஐப்பசியில இருந்து நான் பாக்கலீங்க. முடிஞ்சுதுங்களா? ஸ்டார்ட் பண்ணவா? இருங்க, ஒரு கற்பூரம் மட்டும். வேண்டாமா? ரெண்டு பேரும் ஒரே குரல்ல வேண்டாம்கறீங்களே. சரி.

கேட்டீங்களா சத்தத்தை? ஒரே திருகு. டாக்டர் கையில கூட இப்படி எடுத்திருக்காது. எடது பக்கம் திருப்பறேன், ஹாரன் அடிக்கல. கண்ணாடிக்குத் தண்ணி... அட, பீச்சுது தம்பி, என் சட்டை மேலயே பீச்சுது. நீங்க மேல ஊத்துன தண்ணி பூராவும் கீழ தரையில வடியுது பாருங்க, உள்ள ஒரு சொட்டு இல்ல.

பாவாயி எங்க போறா? செருப்புப் போட்டுட்டு வர்றா. கையில மணிபர்ஸ் வேற. அந்தப் பக்கம் போறா. எடப்பக்கம். கதவைத் தொறந்து, குனிஞ்சு, கால் வெக்கிற எடத்தைக் கையால தொட்டுப் பாக்கறா தம்பி. சத்தம் போடாதீங்க. உக்காந்துட்டா. "ஒரு சுத்துப் போயிட்டு வரலாமுங்களா"ன்னு கேக்கறா. காதுல விழுந்துச்சுங்களா உங்களுக்கு? எனக்கு வண்டி சத்தத்துல சரியா விழுகல, ஆனா அதான் கேட்டா.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. இல்லீங்க, தூசியெல்லாம் இல்ல, அழுகைதான். சந்தோசமா இருக்கு தம்பி, சொல்றதுக்கு என்ன.

தம்பி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வண்டி விக்கிறதுக்கு இல்ல. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, எனக்கே சங்கடமா இருக்கு. ஆனா இதுல உங்களுக்கும் தெரிய வேண்டியது ஒண்ணு இருக்கு. இன்னிக்குக் காலையில நான் பிள்ளையாருக்குத் தேங்காய் ஒடச்சேன். ஒரு வழி காட்டுன்னு கேட்டுத்தான் ஒடச்சேன். பாத்தீங்களா, பொழுது எறங்கறதுக்குள்ள காட்டிட்டாரு. அன்னிக்குப் பட்டறைக்காரனுக்கு ஆச்சே, அதே மாதிரி இதுவும் தேங்காயாலதான். புதன்கிழமை கெளம்பும்போது இதுக்கு உள்ளயும் வெளியயும் ஒரு பெரிய பூசையாப் போட்டுட்டுத்தான் பெருந்துறைக்கு எடுக்கணும்.

பாவாயி என்னமோ சொல்றா. "சந்தனக் கிண்ணத்தை ஒளிச்சு வெச்சிருந்தேன், அதைக் காணோம்"கறாளா? எங்கயும் போகல, என்கிட்டத்தான் இருந்துச்சு. அதான் சித்த முன்னால வாசலுக்குப் போனேனே தம்பி. உங்க ஸ்கூட்டருக்குத்தான். நீங்க என் காருக்கு இவ்வளவு பண்ணும்போது நான் கையைக் கட்டிட்டு நிக்கவா? பிளாஸ்டிக் கவரைப் பிரிச்சு, முன்னால பின்னால எல்லாம் நெறைவாப் போட்டு விட்டிருக்கேன். போயிப் பாருங்க, பெட்டியில இருந்து எடுத்த பொம்மையாட்டம் இருந்தது இப்ப எப்படிக் களையா இருக்குன்னு.

என்னாச்சு? சாவி உள்ள போகலையா? அமுத்திப் பாருங்க. அந்தத் துவாரம் வெறுமனே இருந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சுன்னு அதுக்கு மட்டும் கொஞ்சம் கெட்டியா வெச்சேன். இன்னும் போகலையா? அட கடவுளே. பாத்தீங்களா தம்பி, நான் அப்பவே நெனச்சேன். ஒரு வாரம் பூசை போடாம ஓட்டுனீங்க இல்ல, அந்த தோஷம் இப்பத்தான் வெளிய வருது. வரட்டும், நல்லதுதான். உள்ளயே தங்கக் கூடாது.

கவலைப்படாதீங்க. ஸ்கூட்டர் இங்கயே நிக்கட்டும், நான் பாத்துக்கறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாம். வாங்க, நாங்க ஒரு சுத்துப் போறோம், அப்படியே சங்ககிரி வரைக்கும் வந்து உங்களை விட்டுர்றோம். பின்னால ஏறுங்க தம்பி. முன்னால எடப்பக்கம் ஆள் இருக்கு.